கல்லில் பதிந்த மீன் எந்த இனம்? மலையகத்தில் இருந்தபடியே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் உயிர்ச்சுவடு ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். போனில் படம் எடுப்பார்கள், இணையத்தில் அதே சாயலில் ஒரு மீனைத் தேடுவார்கள், முதலில் பொருந்துகிற பெயரை எழுதி ஒட்டிவிடுவார்கள். என்னிடம் கல்லைக் கொண்டுவரும் ஏ.எல். மாணவர்களும் சரி, விஞ்ஞான ஆசிரியர்களும் சரி, கையோடு ஒரு பெயரையும் கொண்டுவருவார்கள். அது சரியாக இருப்பது அபூர்வம். சாண் நீளத்துக்கும் குறைவான, வெள்ளி நிறச் சிறு மீன்கள் பல கண்டங்களில் பல கோடி ஆண்டு இடைவெளியில் வாழ்ந்திருக்கின்றன. நசுங்கிக் கல்லான பிறகு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்.

அதனால் ஒழுங்கு முக்கியம். முதலில் ஊர், பிறகு கல், அப்புறம் உண்மையா போலியா என்ற சோதனை, அதற்குப் பிறகே மீன். ஊரும் கல்லும் சரியாகத் தெரிந்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும். மீனிலிருந்து தொடங்கினால் அந்தச் சுருக்கம் நடக்கவே நடக்காது.

1. மேசையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று கட்டாயம் வேண்டும். மாணிக்க வியாபாரிகள் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் லூப் அதுதான். கண்டியிலும் இரத்தினபுரியிலும் தாராளமாகக் கிடைக்கும். பூசிய மையும் செதிலின் ஓரமும் வெறும் கண்ணுக்கு அகப்படாது என்பதால் இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

டோர்ச், மில்லிமீற்றர் கோடுள்ள உருக்கு அடிமட்டம், வரைபுத்தாள், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், மெல்லிய நுனியுள்ள மார்க்கர், தையல் நூல், மேக்கப் பூசும் மிருதுவான பிரஷ், கொஞ்சம் வினாகிரி, அசிற்றோன் கலந்த நெயில் பொலிஷ் ரிமூவர், பஞ்சுக் குச்சி. இவ்வளவு போதும். இவற்றோடு சந்தையில் வாங்கிய இரண்டு மீன்களும் வேண்டும். ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

மேசைக்கு வரவே கூடாதவை கம்பி பிரஷ், பல் பிரஷ், தண்ணீர் வாளி, வார்னிஷ். மீன் சுவடுள்ள கற்களில் பெரும்பாலானவை மெல்லிய தகடுகளாகப் படிந்தவை. தண்ணீர் இறங்கினால் தகடு பிரியும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பனியில் கழுவிய கல் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வார்னிஷ் அதைவிடக் கெடுதல். பளபளப்பு வரும், ஆனால் செட்டைக் கதிர்களுக்கு (மீனின் துடுப்பைத் தாங்கும் மெல்லிய கோல்களுக்கு) இடையிலுள்ள பள்ளங்களை அது நிரப்பிவிடுவதால் பிறகு யாராலும் எண்ண முடியாது.

2. கல் எந்த ஊர்க் கல்?

“ஆற்றில் குளிக்கும்போது கிடைத்தது” என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் பாறையைத்தான் பார்ப்பேன். மலையகத்தின் அடிப்பாறை கேம்பிரியன் காலத்துக்கு முந்திய உருமாறிய பாறை. நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட், பளிங்கு எல்லாம் சேர்ந்த உயர்நிலத் தொகுதி அது. பூமிக்குள் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இப்போதைய வடிவத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பாறைக்குள் மீன் இருக்க வழியே இல்லை.

அப்படியானால் அவர்கள் பார்த்தது என்ன? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கொண்டலைட் பாறையில் சில்லிமனைட் கனிமம் நார் நாராக, ஒரே திசையில் அடுக்கி நிற்கும். அதை வால் செட்டை என்று நம்பிவிடுவார்கள். மற்றது, பாறை வெடிப்பில் மங்கனீசு ஒட்சைட் கிளை கிளையாகப் படர்ந்த கறை. அதைச் செடி என்பார்கள், சில வேளை மீன் முள் என்பார்கள். இரண்டிலும் நடுவே ஒரு முள்ளந்தண்டு ஓடாது. அதைக் கேட்டாலே பாதிக் கற்கள் விடைபெற்றுவிடும்.

நம் தீவில் உண்மையான உயிர்ச்சுவடு கிடைக்கும் இடங்கள் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரையான மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிர்கள் உண்டு. தப்போவையிலும் ஆண்டிகமவிலும் ஜுராசிக் காலத் தாவரச் சுவடுகள். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம், யானை போன்ற பாலூட்டிகளின் பற்களும் என்புகளும். குழியில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் கனமான கறுத்த பல்லைத் தந்தால் அது இந்தக் கடைசிக் கூட்டம். இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

மலையகத்து வீடுகளில் இருக்கும் முழு மீன் சுவடு அநேகமாக வெளிநாட்டிலிருந்து வந்தது. லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர் கொண்டுவந்த பரிசு, சுற்றுலா ஊரின் மாணிக்கக் கடையில் வாங்கியது, கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் மாமா அனுப்பியது. ஆகவே முதற் கேள்வி “இது என்ன மீன்?” என்பதாக இருக்கக் கூடாது. யார் தந்தார்கள், எந்த நாட்டில் வாங்கினார்கள், பெட்டியில் சீட்டு இருந்ததா, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்ததா என்று கேளுங்கள். பழைய பெட்டியையும் கட்டியிருந்த பத்திரிகைத் தாளையும்கூட எறியாமல் வைக்கச் சொல்லுங்கள். எந்த மொழிப் பத்திரிகை என்பதே சில நேரம் நாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைகளில் அதிகம் புழங்குபவை நான்கு ஊர்க் கற்கள்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து கிரீன் ரிவர் படிவு. வயது ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டு, நன்னீர் ஏரிப் படிவு. வெளிர் மஞ்சள் அல்லது சாம்பல் கலந்த வெண்மையான சுண்ணாம்புக்கல்லில் பழுப்பு முதல் கறுப்பு வரையான மீன்கள். நைட்டியா, டிப்ளோமிஸ்டஸ், பிரிஸ்காகாரா, மியோப்ளோசஸ், ஃபாரியோடஸ் ஆகியவை அடிக்கடி வரும் பேரினங்கள்.

சீனாவின் லியாவோனிங் பகுதி. சுமார் 12 முதல் 13 கோடி ஆண்டுப் பழமை. எரிமலைச் சாம்பல் கலந்த மெல்லிய பாறைத் தகடுகளில் விரல் நீள லைக்கோப்டெரா மீன்கள், பல வேளை கூட்டமாக.

லெபனானில் பிப்லோஸ் நகருக்கு மேலே மலையிலுள்ள ஹாகெல், ஹ்ஜூலா கிராமங்கள். கிரேட்டேசியஸ் கடல் படிவு, சுமார் 9.5 கோடி ஆண்டு. ஆர்மிகேட்டஸ் என்ற சிறு மீன் இங்கே மிகச் சாதாரணம். அதோடு இறால்களும் வரும்.

பிரேசிலின் அராரிப்பே வடிநிலம், சுமார் 11 கோடி ஆண்டு. தட்டையான வெண்கல்லில் டாஸ்டில்பே, உருண்டைக் கல்லுக்குள் முப்பரிமாணமாக ராக்கோலெபிஸ், வின்க்டிஃபர். ஒன்றை நினைவில் வையுங்கள்: பிரேசில் 1942ஆம் ஆண்டிலிருந்தே உயிர்ச்சுவடுகளைத் தேசச் சொத்தாக வைத்திருக்கிறது. சீனாவும் 2011 முதல் கடுமையான விதிகளைக் கொண்டிருக்கிறது. இந்த ஊர்க் கல்லை இப்போது விலை கொடுத்து வாங்க நினைப்பவர் யோசித்துக்கொள்ளட்டும்.

3. கல்லைச் சோதியுங்கள், மீனைத் தொடாமல்

விற்றவர் சொன்ன ஊரும் கல்லும் ஒத்துப்போகிறதா என்று இங்கே பார்க்கிறோம். கல்லின் பின்பக்கத்தில், ஓரமாக, ஆணி நுனியால் சிறிது சுரண்டுங்கள். அந்தத் தூளில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் லூப்பில் சிறு குமிழிகள் தெரியும். தூளாகச் சுரண்டச் சொல்வதற்குக் காரணம், வினாகிரி வலிமை குறைந்த அமிலம். முழுக்கல்லின் மேல் விட்டால் நுரை கண்ணில் படாமலே போகலாம்.

கிரீன் ரிவர், ஹாகெல், அராரிப்பேயின் வெண்கல் எல்லாம் நுரைக்கும். லியாவோனிங் தகட்டில் நுரை வராது, வந்தாலும் சொற்பம். “வயோமிங்” என்று எழுதிய கல் நுரைக்கவே இல்லையென்றால் சீட்டைச் சந்தேகியுங்கள்.

இந்தச் சோதனையை மீனுள்ள பக்கத்தில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேசிக்காயை நேராக மீன் மேலேயே பிழிந்து கொண்டுவந்த கல்லொன்றைப் பார்த்தேன். என்பைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு கரைந்து, மிக மெல்லிய வால் கதிர்கள் பிடிமானம் இழந்து உதிர்ந்திருந்தன. வால் கதிர் போனால் ஒரு முக்கியமான எண்ணிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். தகடுகளின் தடிப்பு, நிறம் மாறி மாறி வருகிறதா, சாம்பல் போன்ற நுண்துகள் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே சாந்து போல, அடுக்கே இல்லாமல் இருந்தால் அது வார்த்த பலகையாக இருக்கலாம்.

4. போலி, ஒட்டு, பூச்சு

முழுப் போலியைவிட அரைப் போலிதான் அதிகம். மீன் உண்மை, ஆனால் உதிர்ந்த செட்டையை மையால் வரைந்திருப்பார்கள். அல்லது ஒரு மீனின் தலையை இன்னொன்றின் உடலோடு ஒட்டியிருப்பார்கள். விற்பனைக்கு இது அழகு; இனம் காண்பதற்கு இது பொறி. வரைந்த செட்டையை எண்ணினால் ஓவியரின் கற்பனையை எண்ணுகிறீர்கள்.

டோர்ச்சைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கத்திலிருந்து ஒளி படும்படி பிடியுங்கள். உண்மையான என்புக்கு மேடு பள்ளம் இருக்கும், நிழல் விழும். மை தட்டையாகக் கிடக்கும். அடுத்து லூப்பில் முள்ளந்தண்டைப் பாருங்கள். மீனின் முள்ளந்தண்டு என்பு ஒவ்வொன்றும் உடுக்கு மாதிரி இருக்கும்: இரு முனையும் விரிந்து, இடை ஒடுங்கி. வரைபவருக்கு அந்தப் பொறுமை இருக்காது, வரிசையாகக் கட்டம் போட்டுவிடுவார்.

சந்தேகமான இடத்தில் மட்டும் அசிற்றோனில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒற்றுங்கள். பழுப்பு நிறம் பஞ்சில் ஏறினால் அங்கே பூச்சு உண்டு. நிறம் வராமல் பிசுபிசுப்பு மட்டும் வந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். உதிராமல் இருக்க அசிற்றோனில் கரையும் பசையை நூதனசாலைகளே பூசுவதுண்டு. நோட்டுச் சரிபார்க்கும் ஊதா டோர்ச் இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். ஒட்டிய கோடு பல நேரம் நீல வெள்ளையாக ஒளிரும்.

பூச்சு இருக்கும் இடங்களைப் படத்தில் சிவப்பால் வட்டமிடுங்கள். அந்த வட்டத்துக்குள் எதையும் அளக்கவோ எண்ணவோ கூடாது.

5. சந்தை மீனில் கை பழக்குங்கள்

இதைத் தாவிச் செல்பவர்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறுகிறார்கள். கல்லில் தெரிவது நசுங்கிய எலும்புக்கூடு. முழு எலும்புக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு எது விலா, எது செட்டை தாங்கி என்று பிரிக்கவே வராது.

சந்தையில் ஒரு சாளையும் ஒரு திலாப்பியாவும் வாங்குங்கள். திலாப்பியா நமக்குச் சுலபம், காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களிலேயே பிடிபடும். இந்த இரண்டையும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று மென்கதிர் மட்டும் உள்ள பழைய அமைப்பு, மற்றது முதுகுச் செட்டையின் முன்பாதியில் கூர்முள் உள்ள புதிய அமைப்பு. கல்லில் வரும் மீன்களை முதலில் பிரிக்கும் கோடும் இதுவே.

கொதிநீரில் சில நிமிடம் மட்டும் வையுங்கள். குழம்புக்கு வேகும் அளவு வெந்தால் எலும்புகள் கழன்றுவிடும். ஒரு பக்கத்து சதையை மட்டும் கரண்டிப் பிடியால் மெல்ல நீக்கி, மறு பக்கம் தட்டிலேயே கிடக்க விடுங்கள். இப்போது தட்டில் இருப்பது கல்லில் உள்ள மீனின் அதே நிலை.

சாளையில் முதுகுச் செட்டை ஒன்று, உடலின் நடுவில், முள்ளே இல்லாமல். வயிற்றுச் செட்டை அதற்கு நேர் கீழே, வயிற்றில். வயிற்று ஓரத்தை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் தடவுங்கள், வாள் பல் போலச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பைத் தரும் சிறு என்புத் தகடுகளில் ஒன்றைக் குறட்டால் பிடுங்கி லூப்பில் பாருங்கள். அடியில் ஒரு கூர்முனை, இரு பக்கமும் மேல்நோக்கி இரண்டு மெல்லிய கைகள். இந்தக் கைகள்தான் கல்லில் விலா என்புகளின் கீழ் நுனியைச் சந்திக்கும் குச்சிகளாகத் தெரியும். புதியவர்கள் அநேகமாக எல்லோரும் இவற்றை இரண்டாவது விலா வரிசை என்று எழுதுவார்கள்.

தின்னும்போது தொண்டையில் சிக்கும் பொடி முள் இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். அது விலாவும் அல்ல, முள்ளந்தண்டோடு உறுதியாகப் பொருந்தியதும் அல்ல, சதைக்குள் கிடப்பது. சாளைக் குடும்பத்துச் சுவடுகளில் முதுகெலும்பின் மேலும் கீழும் தலைமுடி போல் கலைந்து கிடக்கும் கோடுகள் இவைதான். இவற்றை எண்ணிக் காலம் கழிக்க வேண்டாம்.

திலாப்பியாவில் கதை வேறு. முதுகுச் செட்டையின் முன்பாதி முழுக்கக் குத்தும் முள், பின்பாதி மென்கதிர். வயிற்றுச் செட்டை முன்னுக்கு நகர்ந்து, தோள் செட்டைக்கு அடியிலேயே இருக்கும். அதில் ஒரு முள், ஐந்து கதிர். பொடி முள் தொல்லை வெகு குறைவு, அதனால்தான் பிள்ளைகளுக்கு ஊட்ட வசதி.

6. படமும் கோட்டோவியமும்

கல்லை அளப்பதற்கு முன் படம் எடுங்கள். கையாளும்போது ஒரு துண்டு உதிர்ந்தாலும் பதிவு இருக்கும். போனை மேசைக்கு நேர் மேலே, கல்லுக்கு இணையாக நிறுத்துங்கள். சாய்த்து எடுத்தால் உயரமோ நீளமோ சுருங்கித் தெரியும், விகிதம் எல்லாம் பிழையாகிவிடும். அடிமட்டம் கல்லின் மட்டத்திலேயே இருக்கட்டும்.

ஒளியை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். வலப்பக்க ஒளியில் தெரியாத முதுகு ஓரத்து என்புத் தகடு இடப்பக்க ஒளியில் பளிச்சென்று வரும்.

பிறகு பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் விரித்து, அழுத்தாமல், கண்ணால் கண்டதை மட்டும் வரையுங்கள். நிச்சயமான என்புக்கு முழுக்கோடு, சந்தேகத்துக்குப் புள்ளிக்கோடு. இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுவதை வரையாதீர்கள். வரைந்து முடித்தபின் பார்த்தால் படத்தில் மட்டுமே பார்த்தபோது தவறிய பாதி விஷயம் தாளில் இருக்கும். என் அனுபவத்தில் இனம் காணும் வேலையில் பெரும்பங்கு இந்த ஒரு படியில்தான் நடக்கிறது.

7. அளவுகள்

நியம நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து முள்ளந்தண்டு முடியும் இடம் வரை. வால் செட்டை அதில் சேராது, ஏனெனில் வால் நுனி பெரும்பாலும் உடைந்திருக்கும். வால் நுனி வரை அளந்து, புத்தகத்தில் உள்ள நியம நீளத்தோடு ஒப்பிடுவது மிகச் சாதாரணமான பிழை.

மீன் வளைந்து கிடந்தால் அடிமட்டம் வேண்டாம். தையல் நூலை முள்ளந்தண்டின் மேல் வளைவோடு வைத்து, பிறகு நூலை நேராக்கி அளக்கவும்.

தலை நீளம் மூக்கிலிருந்து செவுள் மூடியின் பின் ஓரம் வரை. உடல் உயரம் அதிகமாக உள்ள இடத்தில், செட்டைகளைத் தவிர்த்து. முதுகுச் செட்டை தொடங்கும் இடமும், மலவாய்ச் செட்டை தொடங்கும் இடமும் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் எடுங்கள்.

இவற்றையெல்லாம் நியம நீளத்தின் நூற்று வீதமாக மாற்றுங்கள். 90 மில்லிமீற்றர் மீனில் உடல் உயரம் 27 என்றால் 30 வீதம். குஞ்சையும் பெரிய மீனையும் ஒரே தாளில் ஒப்பிட விகிதம்தான் உதவும். ஆனால் உடல் உயரத்தை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். செத்த மீன் வயிறு ஊதி வெடித்திருந்தாலோ, விலாக்கள் விரிந்து நசுங்கியிருந்தாலோ உயரம் கூடிவிடும். விலாக்கள் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் மீனில் எடுத்த உயரம் மட்டுமே எண்ணிக்கைக்கு வரும்.

8. எண்ணிக்கைகள்

முள்ளந்தண்டை வாலிலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். முன்பக்கத்துச் சில என்புகள் செவுள் மூடிக்கு அடியில் மறைந்திருப்பதால் முன்னாலிருந்து தொடங்கினால் தொடக்கமே ஊகமாகிவிடும். மறைந்தவை இருந்தால் “குறைந்தது இத்தனை” என்று எழுதுங்கள்.

வயிற்று என்பையும் வால் என்பையும் பிரித்து எழுத வேண்டும். கீழ்நோக்கி ஒற்றை முள் இறங்கினால் அது வால் பகுதி. விலா தொங்கினால் வயிற்றுப் பகுதி.

செட்டைக் கதிர்களை அடியில் எண்ண வேண்டும். நுனிப்பக்கம் ஒவ்வொரு கதிரும் கிளைத்துப் பிரியும். அங்கே எண்ணினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அடி தெளிவில்லை என்றால் உடலுக்குள் இறங்கும் செட்டை தாங்கி என்புகளை எண்ணுங்கள், ஏறக்குறையச் சரியாக வரும். முள்ளையும் கதிரையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். முள்ளில் மூட்டு இராது, கிளை இராது. மென்கதிரில் குறுக்கே சிறு சிறு மூட்டுக்கோடு தெரியும்.

வால் செட்டையின் முதன்மைக் கதிர்கள் (மேல் கீழ் ஓரத்துக் குட்டைக் கதிர்களை விட்டு, நீண்டவை மட்டும்) நல்ல துப்பு. சாளை போன்ற பழைய அமைப்புள்ள மீன்களில் பொதுவாக 19, முள்செட்டை மீன்களில் பொதுவாக 17 அல்லது அதற்குக் குறைவு. எல்லா எண்ணிக்கையையும் வெவ்வேறு நாளில் இன்னொருவரைக் கொண்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டு எண் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், நடுவெடுத்து ஒன்றாக்காதீர்கள்.

9. கூட்டத்தைக் குறுக்குதல்

முதலில் வால். முள்ளந்தண்டு மேலே வளைந்து வாலின் மேல் மடலுக்குள் ஓடினால் அது பழைய கூட்டம், அல்லது சுறா வகை. மேல் கீழ் மடல்கள் சமமாக இருந்தால் இன்றைய பெரும்பான்மை மீன்களின் கூட்டம். கடையில் வருபவற்றில் அநேகம் இதுதான்.

இரண்டாவது செதில். தடித்த, பளபளப்பான, சாய்சதுரச் செதில் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் கார் (gar) என்ற பழைய மீன் வகையைப் போன்ற மீனைத் தேடுங்கள். பக்கவாட்டில் மிக உயரமான செதில் வரிசையும் நீண்ட கூர்மூக்கும் அராரிப்பேக் கல்லில் இருந்தால் வின்க்டிஃபர் கதவைத் தட்டுகிறது.

மூன்றாவது முதுகுச் செட்டை. முள் இருந்தால் திலாப்பியா பக்கம்: கிரீன் ரிவரில் அது பிரிஸ்காகாராவாகவோ, இரண்டு முதுகுச் செட்டை இருந்தால் மியோப்ளோசஸாகவோ இருக்கும். முள் இல்லாவிட்டால் சாளைப் பக்கம் வந்து, செட்டை நிற்கும் இடத்தைப் பாருங்கள். உடலின் நடுவில் என்றால் நைட்டியா, டாஸ்டில்பே, ஆர்மிகேட்டஸ் போன்றவை. நன்றாகப் பின்தள்ளி, மலவாய்ச் செட்டைக்கு எதிரே என்றால் லைக்கோப்டெராவை நினையுங்கள். நைட்டியா என்று விற்கப்படும் லைக்கோப்டெராவை இந்த ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம்.

நான்காவது வயிற்று ஓரம். வாள் பல் தகடு இருந்தால் சாளையின் உறவு. லைக்கோப்டெராவுக்கும் டாஸ்டில்பேக்கும் அது கிடையாது.

10. ஒரு கல்லை முழுதாகப் பார்ப்போம்

சீட்டில் “நைட்டியா, வயோமிங்” என்றிருக்கும் ஒரு கல். வினாகிரியில் நுரைக்கிறது, விளிம்பில் மெல்லிய அடுக்கு, வெளிர் மஞ்சள் நிறம். ஊர் பொருந்துகிறது. பூச்சு வால் நுனியில் மட்டும். முதுகுச் செட்டையில் முள் இல்லை, நடுவில் நிற்கிறது. வயிற்றில் தகடு உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு ஓரத்திலும் தகடு வரிசை உண்டு. இன்றைய சாளைக்கு முதுகில் தகடு இல்லை, நைட்டியாவுக்கு உண்டு. சரி, நைட்டியாதானா?

இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். அதே ஏரியில் வாழ்ந்த டிப்ளோமிஸ்டசுக்கும் முதுகுத் தகடு உண்டு. அதனால் தகடு இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். டிப்ளோமிஸ்டசின் முதுகுத் தகடு அகன்று, பின் ஓரத்தில் சீப்புப் பற்களோடு இருக்கும். அதன் வாய் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட வசதியானது மலவாய்ச் செட்டை: டிப்ளோமிஸ்டசில் அது வயிற்றின் பின்பகுதி முழுக்க நீண்டு ஓடும்; நைட்டியாவில் குட்டையாக முடிந்துவிடும். நம் கல்லில் நீளமாக ஓடுகிறது. சீட்டு பிழை, இது டிப்ளோமிஸ்டஸ். கிரீன் ரிவரில் சாதாரணமாக வருவது டிப்ளோமிஸ்டஸ் டென்டேட்டஸ் என்பதால் ஊரும் அமைப்பும் சேர்ந்து இனம் வரை கொண்டுபோகின்றன. இது 65 சென்டிமீற்றர் வரை வளரும் மீன். கடையில் வருவது பெரும்பாலும் அதன் குஞ்சு. நைட்டியாவோடு குழம்புவதும் அதனால்தான்.

மலவாய்ச் செட்டை குட்டையாக இருந்திருந்தால்? நைட்டியா இயோசீனாவா, நைட்டியா ஆல்டாவா என்பது அடுத்த கேள்வி. ஆல்டா உடல் உயர்ந்து குட்டையானது; இயோசீனா ஒல்லியாக நீண்டது. ஏழாம் படியின் உடல் உயர விகிதம் இங்கே தீர்ப்புச் சொல்லும். ஆனால் அந்த விகிதம்தான் நசுங்கலால் அதிகம் கெடுவதும். விலாக்கள் விரிந்த மீனை ஆல்டா என்று எழுதுவது நான் மிக அதிகமாகத் திருத்தும் பிழை. ஒரே கல்லில் பல மீன்கள் இருந்தால் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள், தனி மீனின் ஊதிய வயிறு அப்போது தெரிந்துவிடும்.

11. எந்த இடத்தில் நிறுத்துவது

லைக்கோப்டெராவில் பல இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. கடைக் கல்லில், துல்லியமான ஊரும் பாறைப் படையும் தெரியாமல், இனம் வரை போவது பெரும்பாலும் வீண் பிடிவாதம். அப்போது “லைக்கோப்டெரா எஸ்பி.” என்று எழுதினால் பேரினம் நிச்சயம், இனம் தீர்மானிக்கவில்லை என்று பொருள். ஓர் இனத்தை ஒத்திருக்கிறது, ஆனால் அறுதியிட முடியவில்லை என்றால் இடையில் “சிஎஃப்.” சேர்ப்பது வழக்கம். மாணவர்களுக்கு இது தோல்வி போலத் தோன்றும். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்படி எழுதிய பெயர்கள் ஏராளம்.

பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். “மலவாய்ச் செட்டை நீளம், முதுகுத் தகட்டில் சீப்புப் பல், ஆகவே டிப்ளோமிஸ்டஸ்” என்று ஒரு வரி. பின்னால் பார்ப்பவர் உங்களோடு உடன்பட வேண்டியதில்லை, சரிபார்க்க முடிந்தால் போதும்.

அதற்கு மேல் உதவி வேண்டுமென்றால் நமக்குக் கிட்டியது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை. புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் நீங்களே ஏதாவது கண்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்து, கொழும்பு தேசிய நூதனசாலைக்கோ புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கோ தெரிவிப்பது நல்லது. அனுப்பும்போது நான்கு பக்க ஒளிப்படங்கள், கோட்டோவியம், அளவு அட்டவணை, கல் வந்த வழி பற்றிய குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு மங்கலான போன் படமும் “இது என்ன மீன் சேர்?” என்ற வரியும் மட்டும் வந்தால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கல்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதி, அதே எண்ணைக் குறிப்புப் புத்தகத்திலும் போடுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டோடு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், மீன் மேற்பக்கமாக இருக்கும்படி வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை பொட்டலத்தை மாற்ற வேண்டும்.